கண்ணாடிக் குழாயில் நீலம்

மீன்தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தண்ணீரைக் கெடுக்கும் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலமாகும். என் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் மை போல ஆனது. தண்ணீரை மாற்றினேன், ஃபில்டரைக் கழுவினேன். எதற்கும் மசியவில்லை. எரிச்சலில் குழாயோடு மீன் கடைக்கே போய்விட்டேன்.

"தீனி அதிகமாப் போகுது சார். அதான் ஏறுது" என்றார் கடைக்காரர் ஜெயசீலன்.

"ஒரு வேளைதான் போடுறேன்."

"அப்போ வீட்ல வேற யாரோ போடுறாங்க."

"வீட்ல வேற யாரும் இல்லைங்க."

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. என்னைப் பிரிந்துபோன மனைவி சுகுணா தன்னிடமிருந்த வீட்டுச் சாவியைத் திருப்பித் தரவே இல்லை.

நான் பூட்டை மாற்றவில்லை. தீனி போடுவதை நிறுத்திக்கொண்டேன். தீனி டப்பா மூடியோடு அவள் எப்போதும் மல்லுக்கட்டுவாள். ஆபீஸ் கிளம்பும் முன் அதைத் தளர்த்தி வைத்தேன். ஒரு வரி எழுதி வைக்கலாமென்று தோன்றும். ஆனால் அவள் வந்துபோவது எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் வர மாட்டாள். மாலையில் வந்ததும் குழாயில் நீலத்தைப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவேன்.

சில நாளாக நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. இன்று நிறமே வரவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். ஜெயசீலன் உடனே கூப்பிட்டார்.

"சூப்பர் சார்! இப்பதான் தண்ணி சுத்தமாச்சு."

டப்பாவின் மூடி நான் தளர்த்தி வைத்தபடியே இருந்தது. மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குழாயில் இன்னும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.