ஒரு கிலோ உப்பு

“அட்டைக்கு ஒரு பிடி உப்பு போதுமே. ஒரு கிலோவா?” என்றான் ரிஸ்மி.

“காட்டுல அட்டை கூட இருக்கும்,” என்று புதுமனைவி பஸ்லா பெக்கட்டை அவன் பையில் திணித்தாள்.

கெலிஓயாவில் அவள் குடும்பம் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டதில்லை. அதனால்தான் தெல்தோட்டைக்கு அப்பால், யாரும் போகாத ஒரு நீர்வீழ்ச்சியை அவன் தேடிப் பிடித்திருந்தான்.

“உங்கட உம்மாக்கு சொல்லல்ல தானே?” என்று காட்டுப் பாதையில் ஏறும்போது கேட்டான்.

“பார்த்து நடங்க, வழுக்கும்.”

பாதி வழியில் அவன் காலில் அட்டை ஏறியது. “உப்பு! உப்பு!” என்று குதித்தான்.

“ஒரு அட்டைக்குப் பெக்கட்ட உடைக்கிறதா?” என்று அவள் கையாலேயே பிடுங்கி எறிந்தாள்.

நீர்வீழ்ச்சி தெரிந்தது. அதனடியில், மறுபக்க ரோட்டால் வேனில் வந்த அவள் குடும்பம் முழுவதும் பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டுகளான பிரியாணி சஹன்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

“வாங்க மகன்!” என்றார் மாமியார். “உப்புத் தொடாம சஹன்ல கை வைக்க ஏலாதே. நீங்க கொண்டு வருவீங்கன்னுதான் எல்லாரும் பசியோட இருக்கோம்.”