கைக்கு வந்த சார்ஜர்

செகந்திராபாத் அல்வாலில் ஒரு மாடி வீட்டில், அணைந்த லேப்டாப் திரையில் எவாஞ்சலினின் முகம் மட்டும் தெரிகிறது. அரை மணியில் நேர்காணல். பல மாதங்களுக்குப் பின் வந்த ஒரே அழைப்பு. பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். "போன்லயே பேசிருங்களேன்," என்கிறார் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த திருநெல்வேலிக்காரர் கணேஷ்குமார். "நக்கோ, வேணாம் அண்ணா. நான் செஞ்ச டிசைன் எல்லாம் இதுலதான் இருக்கு. காட்டியே ஆகணும்." அவர் மேஜைக்கடியில் குனிகிறார். "சார்ஜரக் கழத்திருதேன்." "கைக்கு?" என்கிறாள். அவளைப் போல செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அது ‘ஏன்’. அவரோ கழற்றாமல் சார்ஜரின் கறுப்புப் பெட்டியை அவள் கையிலேயே வைக்கிறார். "ஏன்னு கேட்டா கையில குடுக்கிறீங்களே!" சிரிக்கத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்துகிறாள். "காலைலேர்ந்து சார்ஜ்ல இருக்கு, சூடே இல்ல. லேப்டாப் நல்லாத்தான் இருக்கு அண்ணா, இதுக்கே கரண்ட் வரல." சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் வயரை உருவிப் போட்டுவிட்டு, அதே மாதிரி முனையுள்ள பிரிண்டர் வயரைப் பிடுங்கிப் பெட்டியில் செருகுகிறாள். லேப்டாப்பின் ஓரத்தில் பொட்டளவு வெள்ளை விளக்கு எரிகிறது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவுக்கு முன் நிமிர்ந்து உட்காருகிறாள். மேஜைக்குக் கீழே, அவள் இடது உள்ளங்கையில், சார்ஜர் மெல்லச் சூடேறுகிறது.