தேய்ந்த வால்

அக்டோபர் 14. நேற்றுக் காலை ஓடையைத் துப்புரவாக்கும்போது ஒரு சிறு பிழை விட்டேன். அடியில் மேடாகக் கிடந்த கூழாங்கற்களை வாரியால் இழுத்துச் சமப்படுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. சால்மன் மீன் வாலால் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிய இடம் அப்படித்தான் மேடாக இருக்கும், தோண்டிய மீனின் வால் தேய்ந்துபோகும் என்று ஓடை பராமரிப்பு பற்றிய மாலை வகுப்பில் சொன்னார்கள்.

இன்று போய்ப் பார்த்தேன். வால் தேய்ந்து வெளுத்த மீன் ஒன்று அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றது. ஓடையை அகலமாக்கத் தன் தோட்டத்தில் பாதியைக் கொடுத்த யசோ அக்கா கரையில் குந்தியிருந்தார்.

"பார் பிள்ளை, முதல் மீன் வந்திட்டா. இனித்தான் முட்டையிடுவா. நீ துப்புரவாக்கின இடத்தைத்தான் அவவுக்குப் பிடிச்சிருக்கு."

நான் தலையாட்டினேன்.

நாளைய வேலை: அக்கா அயலவரைக் கூட்டிவந்து காட்டுமுன் அவரிடம் போய் அந்த மேட்டைப் பற்றிச் சொல்வது.