பள்ளிக்கூடத்து வயது

அவள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்துவிட்டாள். கோட்டைச்சாமி என்று ஒரு பெயர் அதில் இல்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவன் பாஸ்போர்ட்டை நீட்டியபடி நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். வெல்டிங் வேலை. பாஸ்போர்ட் சொன்ன வயது நாற்பத்தொன்று.

நாற்பது தாண்டியவர்களுக்கு மாத்திரை கிடையாது.

வளைகுடாவின் இந்தக் கரையில் கம்பெனி. அந்தக் கரையில் போர். மூன்று வாரமாக ஏவுகணைகள் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருக்கின்றன. அதற்கு முகாமில் எல்லோரும் பழகிவிட்டார்கள், சோறு தின்றுகொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் இன்று காலை, அந்தச் சண்டைக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பெரிய நாடுகளும் நேருக்கு நேர் மிரட்டிக்கொண்டன. இரண்டிடமும் அணுகுண்டு இருக்கிறது.

பத்து மணிக்கெல்லாம் கிளினிக்கில் கதிர்வீச்சுக்கான அயோடின் மாத்திரைப் பெட்டி வந்து இறங்கிவிட்டது. பெரிய மேனேஜர்கள் நேற்றே விமானம் ஏறிவிட்டார்கள். புண்ணியவான்கள், நாற்பது வயதுக்குள் இருப்பவர்களின் பட்டியலை மட்டும் மறக்காமல் அனுப்பியிருந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள். ஒன்றுகூட உபரி இல்லை.

அந்த மாத்திரை எதைக் காப்பாற்றும் என்று நர்ஸான அவளுக்குத் தெரியும். கழுத்தில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பியை. மீதி உடம்புக்கு அதில் ஒன்றும் இல்லை.

"சிஸ்டர், அது பள்ளிக்கூடத்து வயசு. நெசத்துல எனக்கு முப்பத்தொம்பதுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா கரி சுடுற மூட்டத்துக்கு வேலைக்குப் போகணும். என்னைய வச்சுக்க ஆளில்ல. அஞ்சு வயசுன்னு சொல்லி இழுத்துட்டுப் போயிருச்சு. தலைக்கு மேல கையக் கொண்டுபோயி காதத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. எனக்குக் கை நீட்டமா இருந்துச்சா, எட்டிருச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாப்பதுக்கு மேல மாத்திரை இல்லேன்னு ஊருக்குள்ள தெரிஞ்சுபோச்சு. நாந்தான உன் வயசக் கூட்டிச் சொன்னேன்னு காலையில இருந்து அம்மா போன்ல ஒரே அழுகை. பச்சத்தண்ணி குடிக்கலையாம்."

அவளுக்கு இந்தக் கதை புதிது இல்லை. பட்டியலில் பாதிப் பேருக்கு மே மாதம்தான் பிறந்தநாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் என்று தெரிந்து பிறந்த பிள்ளைகள்.

அவளுக்கும் மே மாதம்தான். பெண் பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைப்பதற்குள் வயது போய்விடக் கூடாதென்று, நாகர்கோவிலில் அவள் அப்பா இரண்டு வயதைக் குறைத்துப் போட்டார். அரசாங்க வேலை வரவே இல்லை. குறைத்த இரண்டு வயது மட்டும் அவளோடு கடல் தாண்டி வந்துவிட்டது. உண்மையில் நாற்பத்தொன்று. பட்டியலில் முப்பத்தொன்பது.

"நான் என்ன அண்ணே செய்ய முடியும்? லிஸ்ட்ல உள்ளவங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்கு."

அண்ணே என்று தன்னைவிடச் சின்னவனைக் கூப்பிடுகிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவன் சரி சரி என்று தலையாட்டினான். ஆனால் நகரவில்லை. நகரத் தெரியாமல் நின்றான்.

இங்கே யாருக்கு யார் எதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

கைப்பையைத் திறந்து தன் பெயர் ஒட்டிய உறையை எடுத்தாள். மேஜை மேல் வைத்து அவன் பக்கமாகத் தள்ளினாள்.

அவன் அந்தப் பெயரைப் படித்தான். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் படித்தான். உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மத்தியான வெயிலில் சுவரோரம் நின்று போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். உறையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினான். முன்பக்கம், பின்பக்கம்.

"கெடச்சிருச்சும்மா. இந்தா பாரு. மொதல்ல எந்திரிச்சு ஒருவாய் சோறு தின்னு."

பேசி முடித்துச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் அடுத்த ஆளின் பாஸ்போர்ட்டை வாங்கித் திறக்கும்போது அவன் திரும்ப உள்ளே வந்தான். அட்டையை உறைக்குள் போட்டு, உறையை மடித்து, அவள் முன்னால் வைத்தான்.

"காட்டிட்டேன் சிஸ்டர். இது ஒங்களுது."

"அய்யோ, வச்சுக்கிடுங்க. எனக்கு..."

"அது என்னத்தக் காப்பாத்தும்னு நானும் டிவியில பாத்தேன் சிஸ்டர். அம்மாதான் பாக்கல."

போய்விட்டான். வெல்டிங் ஷெட்டுக்கு மணி அடித்துவிட்டது.

அவள் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். நாற்பத்து நான்கு. பட்டியலில் பெயர் இருக்க வழியில்லை. ஆனாலும் தேடினாள்.

"தேட வேணாம் சிஸ்டர்" என்றார் அந்த ஆள். கையில் ஏற்கெனவே போன் தயாராக இருந்தது. "அத மட்டும் ரெண்டு நிமிஷம் குடுங்க. வீட்டுல காட்டிட்டுத் தந்துர்றேன்."

அவருக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி வெயில் வரைக்கும் நின்றது. அவள் பட்டியலை மூடி ஓரமாக வைத்தாள். உறையை எடுத்து நீட்டினாள்.