உள்ளே இருந்த இழை

துணை மின்நிலையத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று கோடை முழுவதும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து டிரான்ஸ்பார்மர், "உடம்புக்கு என்னண்ணே?" என்று கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றே சொல்லும்.

அதன் கம்பிச்சுருளுக்குள் மெல்லிய கண்ணாடி இழை ஒன்று இருந்தது. உள்ளே ஏறும் சூட்டை ஒளியால் அறிந்து வெளியே சொல்வது அதன் வேலை. ஒரு மத்தியானம் சுருளைச் சுற்றிய காகிதம் கருகும் நிலைக்கு வந்துவிட்டது.

"சொல்லிடாதே தம்பி. ஊரே என்னை நம்பியிருக்கு" என்று பெரிய டிரான்ஸ்பார்மர் இழையிடம் கெஞ்சியது.

"அதனாலதான் சொல்றேண்ணே" என்று இழை சொல்லியேவிட்டது.

பொறியாளர் பூங்குழலி ஓடிவந்து, பாதிச் சுமையைப் பக்கத்து டிரான்ஸ்பார்மருக்கு மாற்றினார். அதுவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது.

சுருளைக் குளிர்விக்கும் எண்ணெய் மெல்ல ஆறியது. வெகுநேரம் கழித்துப் பெரிய டிரான்ஸ்பார்மர், "நன்றி தம்பி" என்றது.

நன்றி யாருக்கென்று தெரியாமல் இழையும் பக்கத்து டிரான்ஸ்பார்மரும் ஒன்றாகச் சொன்னன: "இருக்கட்டும்ணே."