சாய்மானம் புரளும் நேரம்

நியூ ஆர்லியன்ஸ் தடத்தின் கடைசி நிறுத்தத்தில், ஓட்டுநர் கயிற்றை இழுத்துக் கூரைக் கம்பத்தை மின்கம்பியிலிருந்து இறக்கியதும் டிராமின் விளக்குகள் அணைகின்றன. மறுமுனைக் கம்பம் எழுந்து கம்பியைத் தொடுகிறது. நீலப்பொறி தெறித்து விளக்குகள் எரிகின்றன. இனி வண்டிக்குப் பின்பக்கமே முன்பக்கம். பின்வரிசையில் மட்டுமே உட்கார வேண்டிய நாங்கள் எழுந்து மறுகோடிக்குப் போகும் நேரம். பழக்கத்தில் என் கை பையை எடுக்கிறது. "எங்கடி போறே? கறுப்பருக்குன்னு மாட்டுன பலகையத்தான் நேத்தே கழட்டிட்டாங்களே," என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி யூலாலி என் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். இருக்கைகள் புது முன்பக்கம் பார்க்கும்படி ஒவ்வொன்றின் சாய்மானத்தையும் தடாலெனப் புரட்டிக்கொண்டே வெள்ளைக்கார ஓட்டுநர் எங்களிடம் வருகிறார். "எழுந்திருங்க ரெண்டு பேரும்." பையோடு எழுகிறோம். எங்கள் சாய்மானமும் புரள்கிறது. "ம், உட்காருங்க." மணி அடிக்கிறது. முன்கண்ணாடியில் தெரு முழுவதும் எங்களை நோக்கி ஓடி வருகிறது.