ரெண்டு விசில்

"இன்னைக்கும் எதிர்லதான் வர்றார், பாருங்க!"

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார். கூட நடந்துகொண்டிருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் "உச்" கொட்டினார்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் நடக்க இறங்கிவிடுவார்கள். கட்டடங்களைச் சுற்றி ஒரே ஒரு நடைபாதை. யாரும் யாரையும் இடிக்கக் கூடாது, எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று போர்டு வைக்கச் சொன்னதே ஹெட்மாஸ்டர்தான். அதில் இருக்கும் அம்புக்குறி அவர் ஸ்கேல் வைத்துப் போட்டது.

அத்தனை பேரும் அம்புக்குறிப்படி போனார்கள். ரிட்டயர்டு கண்டக்டர் மட்டும் இரண்டு மாதமாக எதிர்ப்பக்கம் சுற்றினார்.

அது போதாதென்று கழுத்தில் பழைய விசில். ஒவ்வொரு சுற்றிலும் பி பிளாக் அடியில் வந்ததும் 'பீ... பீ...' என்று ரெண்டு தரம் ஊதுவார். பி பிளாக் மூன்றாவது மாடிதான் ஹெட்மாஸ்டர் வீடு.

ஹெட்மாஸ்டர் வழியை மறித்து நின்றார்.

"கண்டக்டர், போர்டு கண்ணுல படலையா?"

"படுது சார்."

"அப்புறம்?"

"பழக்கதோஷம் சார். வண்டி முன்னால போகும், நான் டிக்கெட் கிழிச்சுக்கிட்டே பின்னால போவேன். முப்பது வருஷம். கால் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

பேங்க் மேனேஜர் சிரித்துவிட்டு, ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

"சரி, விசில் எதுக்கு?"

"ஒரு விசில்னா வண்டி நிக்கணும். ரெண்டு விசில்னா போகலாம். உங்களுக்குத் தெரியாததா?"

"இங்க எந்த வண்டிய்யா போகுது?"

கண்டக்டர் ஹெட்மாஸ்டர் முகத்தை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, புல்லில் இறங்கி வழிவிட்டுப் போனார்.

அந்தப் பார்வைதான் ஹெட்மாஸ்டருக்கு ஆகவே ஆகாது. டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற மாதிரி!

அன்றைக்கே மனு எழுதிவிட்டார். நடைபாதையில் இனி கண்டக்டர் நடக்கக் கூடாது.

"முப்பது வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டுட்டா தடை போட்டுடலாம் சார்" என்றார் சங்கத்துச் செக்ரட்டரி.

ஹெட்மாஸ்டர் மாடி மாடியாக ஏறி இறங்கினார். சாயங்காலத்துக்குள் இருபத்தொன்பது சேர்ந்துவிட்டது. முப்பதாவது அவர் வீடு. வீடு மனைவி பேரில் இருந்தது.

"இந்தாம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மனுவை நின்றபடியே படித்தாள். பேனாவை வாங்கவில்லை.

"என்னம்மா யோசிக்கறே?"

"இவர் நடக்கலேன்னா, காலையில பால்கனியில நான் யாருக்காகங்க நிக்கிறது?"

ஹெட்மாஸ்டர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"என்னது?"

"ஆமா. அவரோட விசில் கேட்டாதான் எனக்கு உள்ள போய் காப்பி போடவே கை வருது."

"அறுபத்தஞ்சு வயசுல பேசற பேச்சா இது?"

"உட்காருங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் பேண்ட் பூரா மண்ணோட வந்தீங்களே. கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

"பெஞ்சுல... தூசி."

"ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல தலை சுத்தி உட்கார்ந்துட்டீங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். முன்னாடி போனவங்க திரும்பிப் பார்க்கலையாம். பின்னாடி வந்தவங்க, நீங்க ஷூ லேஸ் கட்டறீங்கன்னு தாண்டிப் போயிட்டாங்களாம்."

ஹெட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"நானும் கூட வர்றேன்னேன். 'நான் என்ன எல்கேஜி பையனா'ன்னு கத்தினீங்க. அதான் கண்டக்டர்கிட்ட போனேன். 'அண்ணே, இவர் மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க'ன்னேன். 'பின்னாடி நடந்தா முதுகுதானேம்மா தெரியும், எதிர்ல வந்தா முகமே தெரியும்'னார் அவர். முகம் நல்லா இருந்தா எனக்கு ரெண்டு விசில். ஒரு விசில்னா நான் கீழ ஓடி வரணும். இதுவரைக்கும் ரெண்டுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நடக்கறதையே விட்டிருப்பீங்க."

அவள் மனுவை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை. மனு விஷயம் கண்டக்டர் காதுக்குப் போய்விட்டிருந்தது போல. அம்புக்குறிப்படி, எல்லோருக்கும் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கழுத்தில் விசில் இருந்தது. ஊதவில்லை.

"பார்த்தீங்களா சார், ஆளு வழிக்கு வந்துட்டார்!" என்று பேங்க் மேனேஜர் குஷியானார்.

ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிற வழியாக இல்லை.

சட்டென்று திரும்பினார். வந்த வழியே, அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு நடந்தார்.

"சார்! அம்புக்குறி! அம்புக்குறி!"

அவர் காதில் வாங்கவில்லை. நேராகக் கண்டக்டர் முன்னால் போய், முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன கண்டக்டர், நல்லாப் பார்த்தாச்சா?"

கண்டக்டர் திருதிருவென்று விழித்தார். "பா... பார்த்தாச்சு சார்."

"அப்புறம் என்ன? ரெண்டு விசில் கொடுங்க. மேல வண்டி கிளம்பாம நிக்குது!"